வெளிக்காது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கூப்பிடாதே, பக்கத்துக் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், கடிதமே எழுது என்றாய். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாகிவிட்டது, இன்றுதான் எழுதக் கை வந்தது.

விளம்பரங்களுக்கும் நாடகங்களுக்கும் இசைத்துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் இடம் இது. சுவர் முழுக்கக் கேசட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அட்டையில் மூன்று கட்டங்கள்: வேகம், சுருதி, மனநிலை. கேட்டு நிரப்புவதுதான் என் வேலை. வேகத்துக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பதினைந்து வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் ஆயிற்று. சுருதிக்கு மேசைமேல் ஒரு சின்னக் கீபோர்டு. பாட்டு கடைசியில் எந்தக் கட்டையில் வந்து உட்காருகிறதோ அதை எழுத வேண்டும். இயற்பியல் படித்தவளுக்கு இரண்டும் கணக்குதான். மூன்றாவது கட்டத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது.

எங்கள் பிரிவுத் தலைவியை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'பெரிய காது' என்கிறார்கள். முதல் நாள் என்னைக் கேட்டார்: "சங்கீதம் தெரியுமாம்மா?"

"இல்லைங்க மேடம்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்கதான் இங்க நிறையப் பொய் சொல்றாங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவர் அறையை விட்டுப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். நம் வீட்டில் பாட்டுப்பெட்டியே இருந்ததில்லை. காது கேட்காத அம்மாவை வைத்துக்கொண்டு பாட்டுப் போடுவது, பசித்தவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி என்று நீ சொல்வாய். அந்த வீட்டிலிருந்து வந்த பெண் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பூனை


மார்ச் 19

என் பூனைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, கூடவே ஒரு சேதியும் இருக்கிறது. எனக்கு நான்காம் மாதம் தொடங்கிவிட்டது. மூன்று முடியட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாந்தி நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது.

உன் வேலையைப் பற்றிச் சொன்னதும் மாமா, "பாட்டுக் கேக்கறதுக்குச் சம்பளமா? நான் பூட்டு ரிப்பேர் பண்ணிக் குடுத்தாலே ஜனம் அஞ்சும் பத்தும் பேரம் பேசுது" என்றார். பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தையல் கூடத்தில் எப்போதும் போல நாற்பது இயந்திரமும் ஒன்றாக ஓடுகின்றன. அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் ஊர்வம்பு பேசுகிறோம். எனக்கு அங்கேதான் நிம்மதி. வீட்டில்தான் அசதியாக இருக்கிறது.

யாரும் உன்னைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடிக்க நீ என்ன திருடியா? வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் மூவரின் நலத்துக்கும் காத்திருக்கிறேன். மூவர் என்று எழுதி, அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு உதவி வேண்டும். போன வாரம் ஒரு சின்னப் பியானோத் துண்டு வந்தது. இரண்டு நிமிடம் பத்து வினாடிதான். வேகம் அறுபத்தாறு. சுருதி டி மைனர். இடது கையில் இரண்டே சுரங்கள் முன்னும் பின்னுமாக, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கின்றன. வலது கை மேலே ஒரு மெட்டைத் தொடங்கும், பாதியில் விட்டுவிடும். மறுபடி தொடங்கும், மறுபடி விடும். யாரோ மூடிய கதவுக்கு வெளியே நின்று, தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கித் தூக்கி இறக்குவது மாதிரி இருந்தது. மனநிலையில் 'பயம்' என்று எழுதினேன்.

பெரிய காது அதை அடித்துவிட்டு 'அமைதி' என்று எழுதினார். "மெதுவாப் போகுது, சத்தமே இல்ல, இதுல என்னம்மா பயம்?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "சத்தம் இல்லாததுதான் மேடம் பயம்" என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. காது மடல் வரை சூடாகிவிட்டது எனக்கு.

இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. அலுவலகத்தைச் சேராத ஒருவருக்கு அந்தத் துண்டைக் கேட்கக் கொடுப்பார்கள். அவருக்கு 'வெளிக்காது' என்று பெயர். அவர் சொல்வதுதான் முடிவு. "உன் வீட்டு ஆளையே வெச்சுக்கோ, எனக்கென்ன" என்று பெரிய காது சொல்லிவிட்டார். எனக்கு இருக்கும் ஒரே வெளிக்காது நீதான். நாங்கள் எழுதியதை உனக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லிவிட்டேன். மறந்துவிட்டுக் கேள்.

கேசட் இத்துடன் வருகிறது. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன்
பூனை


மே 2

என் பூனைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை, மூச்சு விட நேரமில்லை. நானும் வயிறும் நன்றாக இருக்கிறோம்.

கேசட்டைக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி, பயம்தான். இடது கை ஓயாமல் முன்னும் பின்னுமாகப் போகிறது, வலது கை தொடங்கித் தொடங்கி விட்டுவிடுகிறது. எனக்கும் கதவு தட்டுகிற மாதிரிதான் தோன்றியது. உங்கள் மேடத்துக்குக் காது பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்?

இனி கேசட் அனுப்பாதே. தபாலில் உடைந்துவிடும்.

அக்கா


மே 9

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் நலம் வேண்டி எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதாமல் கடை விலாசத்துக்கு எழுதக் காரணம் இருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அக்காவுக்கு ஒரு கேசட் அனுப்பினேன். அவள் சொன்னதை அட்டையில் ஏற்றி, பெரிய காதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்று பார்த்தால், என் மேசை டிராயரின் அடியில் அந்தப் பியானோக் கேசட் கிடக்கிறது. அப்படியானால் நான் அனுப்பியது எது என்று தேடினேன். காலையில் இயந்திரங்களைச் சரிபார்ப்பதற்கு எங்களிடம் ஒரு கேசட் உண்டு. அதில் பாட்டு கிடையாது. பத்து நிமிடம் ஒரே சத்தம், 'கூ' என்று ஏறாமல் இறங்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பிரதி குறைகிறது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை உறையில் இருப்பவை.

அதைப் போட்டவர்கள் யாரானாலும் அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டி எழுதியிருப்பார்கள். அக்கா இடது கையைப் பற்றியும் வலது கையைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். எல்லாம் நான் எழுதிய வார்த்தைகளே.

எங்கள் அம்மாவுக்குப் பிறவியிலேயே கேட்காமல் இல்லை, மாமா. என்னைச் சுமந்தபோது குறையத் தொடங்கி, நான் பிறப்பதற்குள் சுத்தமாகப் போனது. அக்காவுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

நீங்கள் பின்னால் நின்று கூப்பிட்டால் அக்கா திரும்புகிறாளா? அது ஒன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

பூனை


மே 17

அன்புப் பூனைக்கு மாமா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுத்தில் பிழை இருந்தால் பட்டம் வாங்கின பெண் திருத்திக்கொள்.

நீ சொன்னபடி பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். மடித்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். உடனே திரும்பி, "எதுக்குப் போடறீங்க, கால்ல அதிருது" என்றாள். சத்தம் என்று சொல்லவில்லை பூனை. அதிருது என்றாள்.

இரண்டு மூன்று மாதமாகவே கூப்பிட்டால் பதில் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக் கோபம், அதைக் கிளறக் கூடாது என்று நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பூட்டைக் காதில் வைத்து ஆட்டினால் உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். வீட்டில் இருக்கிறவளைக் கோபக்காரி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்க எடுத்தபோது அவள் பார்த்துவிட்டாள். இனி உன் பாடு.

மாமா


மே 29

பூனைக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் முதுகுக்குப் பின்னால் என் புருஷனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் படித்துவிட்டாய். சந்தோஷம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சோதிக்கிறீர்கள். சாவியைப் போடுவதும், கதவைத் தட்டுவதும், வீடு வீடாகவே இல்லை. கேசட் விஷயம் அவருக்கு எழுதியிருந்தாயே, எனக்கு நேரம் இல்லை, உனக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

உங்கள் வாயை அடைக்க ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்தேன். கண்ணாடி வைத்த அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். எல்லாவற்றுக்கும் தூக்கினேன். பழுது ஒன்றுமில்லை என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மாமா அதைக் கடையில் மாட்டி வைக்காத குறைதான்.

இதோடு இந்தப் பேச்சை விடு.

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் அப்படி இல்லை. திட்டினாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிறவர் எப்படி உட்கார்ந்திருந்தார்? உன்னைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா?

அம்மா யார் வீட்டுக்கு வந்தாலும் கதவைத் திறப்பாள், நினைவிருக்கிறதா? கேட்டு இல்லை. கதவுக்கு அடியில் நிழல் விழுவதைப் பார்த்து. தெருவில் எல்லோரும் அவளுக்கு அரைக்காதாவது இருக்கும் என்று நம்பினார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் அதைத்தான் கற்றுக்கொண்டோம். ஒரு ஆள் பொத்தானை அழுத்துகிறார் என்றால், அழுத்துவதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிடும். அந்தச் சோதனை நம்மைப் போன்றவர்களுக்குச் செய்ததல்ல.

அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னாள், கோபமே இல்லாமல்: "நீ அழுததை நான் கேட்டதே இல்ல. வாய் திறந்திருக்கும், அவ்வளவுதான்." எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் காதை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அதனால்தான் நான் சத்தமில்லாமல் நடக்கப் பழகினேன். நீங்கள் பூனை என்று பெயர் வைத்துச் சிரித்தீர்கள்.

உன் பிள்ளை அப்படி நடக்க வேண்டாம் அக்கா.

எனக்கு உன் குழந்தைக்காக மட்டும் பயமில்லை. இப்போதெல்லாம் தினமும் மற்றவர்கள் வருவதற்கு முன் அந்த 'கூ' கேசட்டைப் போட்டு, ஒரு காதை மூடி, பிறகு மறு காதை மூடிப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறேன்.

சரியான பியானோக் கேசட்டை அனுப்பியிருக்கிறேன். மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் உறையில் போட்டேன். அட்டைக்காக இல்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு இன்னொரு முறை சோதனைக்குப் போ.

உன்
பூனை


ஜூலை 11

என் பூனைக்கு,

ஐந்து வாரமாக உன்னைக் காக்க வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன், வயிற்றில் இருப்பதும் உதைக்கிறது.

அந்த ஆள் என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கும். தோள் இறங்கினால் கையைத் தூக்கினேன். ஏமாற்ற வேண்டும் என்று போகவில்லை பூனை. உட்கார்ந்ததும் கண் தானாகத் தோளைப் பிடித்துக்கொண்டது. முடிந்த பிறகு, உண்மையிலேயே கேட்டதா பார்த்ததா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் கேசட்டை நான் போடவே இல்லை. நாலு தடவை பெட்டியில் வைத்து, நாலு தடவை எடுத்துவிட்டேன். போட்டு ஒன்றும் கேட்காமல் போனால், அதற்குப் பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாதே. அதனால்தான் போனும் வேண்டாம் என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தேய்ந்து தேய்ந்து வந்தது.

போன வாரம் மாமாவோடு போனேன். நானாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காதில் மாட்டினார்கள். காத்திருந்தேன். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து யாரோ தோளைத் தொட்டார்கள். டாக்டர் எதிரில் வந்து நின்று, "பாதி முடிஞ்சிருச்சும்மா. கையே தூக்கலையே" என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடது காதில் பெரும்பகுதி போய்விட்டது. வலதில் பாதி இருக்கிறது. குடும்ப வாகு, பிள்ளை உண்டாகும்போது வேகம் பிடிக்கிறது என்றார். பிரசவத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், சிலருக்குத் திரும்புகிறதாம். அதுவரை வலது காதுக்கு ஒரு கருவி. அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. நீ எடுத்துக்கொண்டு வந்ததாக நினைக்காதே என்று டாக்டர் சொன்னதாக வைத்துக்கொள். நான்தான் கேட்டேன், யார் மேல் குற்றம் என்று. "மூக்கு நீளமாப் பொறந்தா யார் குத்தம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் பியானோவைப் போட்டேன். வலது காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டேன். நீ இடது கை என்று எழுதினாயே, நிற்காமல் போகும் அந்த இரண்டு சுரம், அது எனக்கு இல்லவே இல்லை. எங்கேயோ மேலே இரண்டு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு சத்தம். மாமாவின் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். உன் அறுபத்தாறு எனக்கு இருபதைத் தாண்டவில்லை. சுருதி வந்து உட்கார இடமே இல்லை. மனநிலை மட்டும் கேட்காதே. விட்டுப்போன இடத்தில்தான் பாட்டு முழுவதும் இருக்கிறது என்று தெரிந்தது, அது போதும்.

குழந்தை அழுதால் தெரிய வேண்டுமே என்று மாமா என்னென்னவோ கம்பியும் விளக்கும் வாங்கிப் போட்டு மேசையை நிறைத்து வைத்திருக்கிறார். அவருக்குப் பயம் வந்தால் கை வேலை செய்யும்.

இப்போது உன் முறை. டாக்டர் தங்கை இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். கட்டாயம் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கருவி பொருந்தியதா, காது வலிக்கிறதா என்று எழுது. நான் நன்றாக இருக்கிறேன்.

பெரிய காதிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேசட் மாறியது, விதியை மீறி உனக்குச் சொன்னது, நீ கேட்காமலே எழுதியது. வேலை போய்விடும் என்று கைப்பையைக் கூட எடுத்து வைத்திருந்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேக்காமலே பயம்னு சொன்ன முதல் ஆள் உங்க அக்காதான்" என்றார். பிறகு மனநிலைக் கட்டத்தை வெள்ளை மையால் அழித்து, காலியாக விட்டுவிட்டார். அலமாரியில் காலிக் கட்டத்தோடு இருக்கும் ஒரே அட்டை அதுதான்.

அடுத்த மாதக் கடைசியில் நிரந்தரம் செய்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறும். ஜன்னல் ஓரமாக இடம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நாற்காலியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டேன், இப்போது ஒலிப்பெட்டி வசதியாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர், "ஏம்மா, சுவத்துக்கு ஒரு காதைக் குடுத்துட்டு உக்காந்திருக்க?" என்று கேலி செய்கிறார். மழை பிடித்துக்கொண்டது. குடை வாங்கிவிட்டேன், பச்சை நிறம்.

குழந்தைக்கு ஒரு கம்பளி பின்னத் தொடங்கியிருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
பூனை


ஜூலை 28

என் பூனைக்கு,

கருவி பொருந்திவிட்டது. காது மடல் சிவந்து, இப்போது பழகிவிட்டது. என் சுகம் அவ்வளவுதான். உன் சுகத்தைத்தான் மூன்று பக்கத்திலும் தேடினேன்.

குடை என்ன நிறம் என்று எழுதியிருக்கிறாய். சோதனைக்குப் போனாயா என்று எழுதவில்லை. நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன் என்கிறாய். எந்தப் பக்கம் மாற்றினாய்? நான் தையல் கூடத்தில் என் இயந்திரத்தை இடது சுவரோரம் மாற்றித் தரச் சொன்னது போன தை மாதத்துக்கும் முன்னால். இடது காதைச் சுவர்ப் பக்கம் ஒளித்துக்கொண்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

உனக்கு இந்த வேலைக்குக் காதுதான் முதல் என்று எனக்குத் தெரியும். சோதித்து, காகிதத்தில் எழுதி, யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போய் ஆஸ்பத்திரிப் படியில் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பாய். நான் நாலு தடவை கேசட்டை வைத்து எடுத்தவள், எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் வருகிறேன். எட்டாம் மாதத்தில் பயணம் கூடாது என்று மாமா காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். டாக்டரைக் கேட்டேன், சாய்ந்து உட்கார்ந்து போனால் தவறில்லை என்றார். மாமாவும் கூட வருகிறாராம், அதையும் கத்தித்தான் சொன்னார், வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணி வண்டி. மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நீ உள்ளே இருக்கும்வரை நான் வெளியே இருப்பேன், வந்த பிறகு என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வோம்.

நிலையத்தில் கூட்டமாக இருக்கும். பின்னாலிருந்து கூப்பிடாதே. முன்னால் வந்து நில்.

அக்கா